காரின் டாப்பில் எத்தனை கிலோ?

போன மே மாதம் பாலக்கரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், மணப்பாறையைத் தாண்டியதும் ஒரு பையைத் தவறவிட்டது. காரின் டாப்பில் நைலான் கயிற்றால் கட்டியிருந்த பை. உள்ளே தலையணை, போர்வை, இரண்டு ஸ்வெட்டர். கயிறு எப்போது தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் வந்த டூவீலர் ஒன்று தடுமாறி மண்ணில் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் காரை ஓரம் கட்டினார்கள்.

டூவீலரில் கணவன், மனைவி, நடுவில் நாலு வயசுக் குழந்தை. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கார்க்காரரிடம் கொடுத்தார். "நல்லா கட்டுங்க சார். இதுக்குள்ள பாத்திரம் ஏதாவது இருந்திருந்தா..." என்று சொன்னவர், வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டார்.

இந்த வருடம் அதே குடும்பம் மூன்று வாரம் முன்னதாகவே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டது. அப்பா, அம்மா, பத்தாவது முடித்த பெண், ஐந்தாவது படிக்கும் பையன், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா, அப்பாயி. ஆறு பேருக்கு ஏழு சீட் வண்டி. பூம்பாறை பக்கம் இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கல். கடைசி வரிசை சீட்டை முழுசாக விரித்தால் டிக்கியில் இரண்டு பைக்குத்தான் இடம். மீதி எல்லாம் டாப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி. பெட்டியா, பையா, கம்பிக் கேரியரா?

அப்பா போனில் பெட்டி பார்த்து வைத்திருந்தார். கறுப்பு நிறம், வழவழப்பு, பூட்டு, 400 லிட்டர் கொள்ளளவு. தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "வண்டி டாப்பு எத்தனை கிலோ தாங்கும்னு பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் பார்ப்பதில்லை. அது கார் வாங்கியபோது கொடுத்த மேனுவலில் இருக்கும். மேனுவல் டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். பல குடும்பக் கார்களுக்கு 50 முதல் 75 கிலோ வரை போட்டிருப்பார்கள். சிலவற்றில் இன்னும் அதிகம். சில மாடல்களில் டாப்பில் எதையும் ஏற்றக் கூடாது என்றே இருக்கும். அந்த எண்ணை மாற்ற எந்தக் கடைக்காரராலும் முடியாது. கேரியர் 100 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருக்கலாம். அது கேரியரின் பலம். கீழே இருக்கும் தகரம் 50 கிலோதான் தாங்கும் என்றால் கணக்கு 50-தான்.

அந்த 50 முழுவதும் சாமானுக்கு என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மாட்டுகிற கருவியும் அதே கணக்கில்தான் வரும். டாப்பின் குறுக்கே போடும் இரண்டு கம்பிகள், பிடிமானங்களோடு சேர்த்து 6 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 லிட்டர் பெட்டி வெறுமனே 15 முதல் 20 கிலோ இருக்கும். 18 என்று எடுத்தால், 50-ல் 24 போய்விட்டது. மீதி 26. இரும்புத் தட்டுக் கேரியர் என்றால் அது 12 கிலோ; மீதி 32. துணிப் பை 4 கிலோ, மீதி 40. ஆக, இருப்பதிலேயே விலை கூடிய, பெரிய பெட்டியில்தான் குறைவான எடையை வைக்க முடிகிறது! 400 லிட்டர் இடம் காலியாக இருக்கும்போது 26 கிலோவோடு நிறுத்திக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

பெட்டியே வேண்டாம் என்பதல்ல. மழைக்கு நனையாது, பூட்டலாம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம். மாதம் ஒரு தடவையாவது வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு, டாப் 75 கிலோ தாங்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் நல்ல நிறுவனத்துப் பெட்டியும் குறுக்குக் கம்பியும் சேர்ந்தால் அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பிறகு மீதி 11 மாதம் அதை எங்கே வைப்பது? பாலக்கரையில் ஒண்டிக்குடித்தன வீடுகளும் அபார்ட்மென்ட்டுகளும்தான் அதிகம். ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு இருக்கும் பெட்டி, பரணில் ஏறாது. காரிலேயே விட்டுவிட்டால் பேஸ்மென்ட் பார்க்கிங் இடிக்கும். டாப்பில் பெட்டி இருப்பதை மறந்துபோய் ஹோட்டல் வாசலின் உயரக் கம்பியில் மோதுகிறவர்கள் உண்டு. மாட்டிய அன்றே தரையிலிருந்து உச்சி வரை டேப்பால் அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

அந்தக் காலத்தில் இந்தத் தலைவலியெல்லாம் இல்லை என்பார்கள். உண்மைதான். அம்பாசடருக்கும் பழைய ஃபியட்டுக்கும் கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத் தண்ணீர் வழிவதற்கு வாய்க்கால் மாதிரி கனமான தகர மடிப்பு இருக்கும். கேரியரின் கால்கள் அந்த மடிப்பைக் கவ்விப் பிடிக்கும். மேலே ஹோல்டால், டிரங்குப் பெட்டி, வாழைத்தார், சமயத்தில் பந்தல் சாமான்வரை ஏறும். தார்ப்பாயைப் போர்த்தி, ஒரு காலை டயரில் ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டுவார் டிரைவர். அந்த அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. அதற்கு வெகுகாலம் முன்பே புது கார்களில் அந்த மடிப்பு மறைந்துவிட்டது. கவ்விப் பிடிக்க இடமில்லாத வழவழ கூரையில் பழைய முறையில் கட்டினால் எங்கேயாவது அவிழத்தான் செய்யும்.

இப்போதைய கார்களில் அந்த மடிப்பின் இடத்தில் இருப்பவை நீளவாக்கில் ஓடும் ரூஃப் ரெயில்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் எல்லா ரெயிலும் பாரம் தாங்குவதற்கு இல்லை. பல மாடல்களில் அது வெறும் அலங்காரம்; பசையோ கிளிப்போதான் பிடித்துக்கொண்டிருக்கும். ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருப்பதால் மட்டும் அது பாரம் தாங்கும் என்று ஆகிவிடாது. மேனுவலில் 'பாரம் ஏற்றலாம்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரெயிலே இல்லாத கார்களுக்குக் கதவின் மேல் விளிம்பைப் பிடிக்கும் கிளாம்ப்கள் கிடைக்கின்றன. உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால் சரி. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும் சார்' என்றால் நகர்ந்துவிடுங்கள். பெரிய சன்ரூஃப் வைத்த வண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்தக் கண்ணாடியின்மேல் நேரடியாகப் பையை வைக்கக் கூடாது. மேலே கம்பி போட்ட பிறகு அதைத் திறக்கவும் கூடாது.

கூரையில் துளை போட்டு, வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒரு கூண்டு கட்டித் தருகிறோம் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்க, துளை வழியாக முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். கழற்றி மாட்டும் கேரியர் போதும்.

பாலக்கரை வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடை போடும் வைபவம் நடந்தது. தாத்தாவின் ஏற்பாடு. வீட்டில் இருந்த எடை மெஷினில் பையன் பையோடு ஏறி நிற்பான். பிறகு பை இல்லாமல் ஏறுவான். அக்கா கழித்து எழுதுவாள். டென்ட் 6 கிலோ. ஆறு ஸ்லீப்பிங் பேக் 9. கீழே விரிக்கும் ஃபோம் பாய்கள் 3. மடக்கு நாற்காலி நான்கும் சேர்த்து 12. துணிமணி, ஸ்வெட்டர் 26. அடுப்பும் பாத்திரமும் 14. அரிசி மளிகை 11. தண்ணீர் கேன் 20. ஐஸ் பெட்டி 9. அப்பாயியின் முறுக்கு, அதிரச டின் 4. மொத்தம் 114.

"என் டின்னையும் எதுக்குடா எடை போடுறீங்க? அது போற வழியிலயே காலியாயிடும்" என்றார் அப்பாயி.

எடை போட்டதும் பாதிப் பிரச்னை தீர்ந்துவிட்டது. எது கனமோ அது கீழே. எது லேசாக இருந்து இடத்தை அடைக்கிறதோ அது மேலே. டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஃபோம் பாய் மூன்றும் சேர்ந்தாலே டிக்கி நிரம்பிவிடும். ஆனால் எடை 18 கிலோதான். இவைதான் டாப்புக்கென்றே பிறந்தவை. தண்ணீர் கேனையும் அரிசியையும் டாப்பில் ஏற்றுவதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

ஏன் என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பலாம். தலையில் குடம் இருந்தால் முடியுமா? காரும் அப்படித்தான். டாப்பில் பாரம் ஏற ஏற வண்டி வளைவில் சாய்கிறது. பிரேக் போட்டால் மூக்குக் குத்துகிறது. திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இது தெரியாது. வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போது தெரியும். கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சமாளித்துவிடலாம். இறங்கும்போது, எதிரே பஸ் வந்து திடீரென்று ஒதுங்க வேண்டியிருக்கும் அந்த ஒரு நொடியில்தான் மேலே இருக்கும் 20 கிலோ தண்ணீர் தன் குணத்தைக் காட்டும்.

காற்றின் பலத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நேராக எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமாகக் காற்று தள்ளும். 80-ல் அது 30 கிலோ. 100-ல் 47 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்கு. அப்படியானால் நைலான் கயிறு ஏன் தளர்ந்தது என்று புரிகிறதல்லவா? இதே கார் ஆடி மாதம் பொள்ளாச்சி வழியாக டாப்ஸ்லிப் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். அம்மியே பறக்கும் என்று பெயர் வாங்கிய காற்று, பையை விட்டுவைக்குமா? டாப்பில் எது இருந்தாலும் 80-ஐத் தாண்டாமல் ஓட்டுவது உத்தமம்.

பெட்ரோல் செலவும் கூடும். பெரிய ரூஃப் பாக்ஸ் வைத்தால் நெடுஞ்சாலையில் மைலேஜ் 6 முதல் 17 சதவீதம்வரை குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்கிறது. பாலக்கரையிலிருந்து பூம்பாறை போய்த் திரும்ப சுமார் 440 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி 10 சதவீதம் இழந்தால் மூன்று லிட்டர் கூடுதல். ஒரு பயணத்துக்கு 300 ரூபாய் பெரிதில்லை. ஆனால் அழகாக இருக்கிறதே என்று வருடம் முழுக்கக் கேரியரைக் கழற்றாமல் ஊருக்குள் சுற்றுகிறவர்கள், என்ன செலவாகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் கொஞ்சம் சண்டை நடந்தது. சின்ன காஸ் சிலிண்டரை டாப்பில் கட்டிவிடலாம், காருக்குள் வைத்தால்தானே ஆபத்து என்றார் அப்பா. அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார்: "மதுரை ஞாபகம் இல்லையா?" 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்திவைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. ஊர்விட்டு ஊர் போகும்போது வீட்டுச் சமையலைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. மே மாத வெயிலில் கொதிக்கும் கூரையில் சிலிண்டரைக் கட்டிவைத்துக்கொண்டு அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் கேன், மண்ணெண்ணெய்க்கும் இதேதான். தங்கும் இடத்தில் சமையல் வசதி உண்டா என்று போன் போட்டுக் கேட்டார்கள்; இருந்தது. 14 கிலோ அடுப்பு, பாத்திரம் 3 கிலோவாகக் குறைந்தது. நாற்காலியும் அங்கேயே தருவார்களாம். இன்னொரு 12 கிலோ போயிற்று.

ஒரு போன் காலில் 23 கிலோ! கேரியர் விலை விசாரிப்பதற்கு முன்னால் இந்த போன் காலைச் செய்துவிட வேண்டும். பல இடங்களில் டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும்கூட வாடகைக்குக் கிடைக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு பயணம் என்றால், கேரியர் வாங்கும் காசுக்கு அதை வாடகைக்கே எடுத்துவிடலாம். பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் டிரைவரோடு ஒரு டெம்போ டிராவலர் பிடிப்பது இன்னும் நிம்மதி. கேம்பிங் என்றதும் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பது வீடியோக்கள் பார்த்து வருகிற பழக்கம்.

கடைசியில் அவர்கள் வாங்கியது குறுக்குக் கம்பி இரண்டும் ஒரு துணிப் பையும். பையில் என்ன பார்க்க வேண்டும்? தையலைத்தான். துணி தண்ணீர் புகாததாக இருக்கும். ஊசி போன துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். தையலின்மேல் உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்களா, ஜிப்பின்மேல் மடிப்பு மூடி வருகிறதா என்று பாருங்கள். வீட்டு மாடியில் வைத்துப் பத்து நிமிடம் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. எதற்கும் உள்ளே வைப்பதைத் தடிமனான பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். கோடை மழை கொடைக்கானலில் சொல்லிக்கொண்டு வராது.

பைக்கு இன்னொரு எதிரி குரங்கு. மலைப்பாதையில் எங்கே நிறுத்தினாலும் டாப்பில் ஏறிவிடும். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் உண்டு, தெரியாதவை கிழித்துவிடும். ஆகவே ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட டாப் பையில் இருக்கக் கூடாது. அப்பாயியின் டின் அவர் மடியிலேயே வரட்டும்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம். இழுத்து இறுக்கும் பெல்ட் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. 30 கிலோ பை, சடன் பிரேக்கில் ஏறத்தாழ 25 கிலோ பலத்தோடு முன்பக்கம் பாயும் என்பதால் குறுக்கே மட்டும் கட்டினால் போதாது. முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கவும் ஒவ்வொரு பெல்ட் தேவை. அலங்கார ரெயிலில் கட்டாதீர்கள், குறுக்குக் கம்பியில் கட்டுங்கள். பெல்ட்டை ஒரு தடவை முறுக்கிவிட்டுக் கட்டினால் காற்றில் 'ர்ர்ர்' என்று அலறாது. மிச்சம் தொங்கும் வாலை உள்ளே செருகிவிட வேண்டும். பிறகு, டிரைவர் பக்கக் கதவை ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, முழு பாரத்துக்கான அளவுக்கு டயரில் காற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கியிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கடைசி வரிசையில் ஒரு சீட்டை மடக்கி, மற்றதில் பையன் உட்கார்ந்தான். தண்ணீர் கேனும் மளிகையும் தரையோடு தரையாக, சீட்டின் முதுகை ஒட்டி. சீட்டின் உயரத்துக்கு மேலே எதையும் அடுக்கவில்லை. பிரேக் போடும்போது அங்கிருந்து கிளம்பும் ஒரு சில்வர் டப்பா நேரே போய்ச் சேரும் இடம் பையனின் பின்மண்டை.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பெண் போனிலேயே எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு பிரபாத் ரவுண்டானா காலியாக இருந்தபோது கார் கிளம்பியது. டாப்பில் 18 கிலோ படுக்கையும் டென்ட்டும், 7 கிலோ ஸ்வெட்டர் பையும். பையும் கம்பியும் 10. மொத்தம் 35.

மணப்பாறையில் டீக்கு நிறுத்தினார்கள். புதிதாகக் கட்டிய எந்தப் பாரமும் முதல் 30, 40 கிலோமீட்டரில் கொஞ்சம் அமுங்கி உட்காரும் என்பதால் அங்கே நிறுத்துவதென்று முன்பே முடிவு. மற்றவர்கள் முறுக்குக் கடையைப் பார்த்து நடக்க, தாத்தா மட்டும் காரைச் சுற்றி வந்தார். முன் பெல்ட்டின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"டேய், இங்க வா" என்று மகனைக் கூப்பிட்டார். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து, பெல்ட்டை நாலு பல் இறுக்கினார்.